மரப் பரணும் கற்றளமும்

கல்லும் மரமும், மனிதன் வீடு கட்டத் தொடங்கிய நாள்முதல் அவனுக்குத் துணைநின்ற இரு பொருள்கள். ஆயினும் அவ்விரண்டன் இயல்பும் ஒன்றல்ல. மரம் வளையும், கல் வளையாது, முறியும். மரம் மழைக்காலத்துப் பருத்து, வேனிலிற் சுருங்கும். கல் அங்ஙனம் செய்வதில்லை. மரம் தன் எடையினும் பன்மடங்கு மிக்க பாரத்தைத் தாங்கும். கல்லோ தானே ஒரு பெரும் பாரம். ஆதலின், கல்லின்மேல் மரத்தை நிறுத்துதல் எளிது. மரத்தின்மேற் கல்லைப் பரப்புதல் அரிது. அவ்வரிய செயலை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதையும், எவ்விடத்துச் செய்யாதொழிதல் வேண்டும் என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் தேவையும்

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களுள் ஒன்று செம்மநத்தம். 'நத்தம்' என்பது ஊரார் குடியிருக்கும் நிலத்தைக் குறிக்கும் சொல். நில ஆவணங்களில் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகின்றது. சேலத்திற் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் 1820ஆம் ஆண்டுகளில் காப்பிச் செடியை இம்மலைக்குக் கொணர்ந்தார் என்பர். இந்நாளில் மலைச்சரிவெங்கும் காப்பித் தோட்டங்களும், அவற்றிற்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைப் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளும் காணப்படுகின்றன. ஏற்காடு கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தது. மழையும் மிகுதி, மழையில்லாத நாளிலும் காலையிலும் மாலையிலும் மூடுபனி வந்து தங்குவதுண்டு.

இத்தகைய மலையூரில் வீடு கட்டுவோன் முதலில் எதிர்ப்படும் இடர் சமநிலம் இன்மையே. வீட்டின் பின்புறம் மலையோடு ஒட்டியிருக்கும். முன்புறமோ பள்ளத்தை நோக்கி நிற்கும். நெல் உலர்த்தவும், காப்பிக் கொட்டை பரப்பவும், மாலையில் நாலுபேர் கூடி அமரவும் முற்றம் ஒன்று வேண்டுமாயின், அதனை இரண்டு வழிகளிற் பெறலாம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்பிச் சமன்செய்தல் ஒருவழி. நிலத்தை அதன் சரிவிலேயே விட்டுவிட்டு, கால்கள் நட்டு, அவற்றின்மேற் பரண் அமைத்தல் மற்றொரு வழி.

முதல்வழி எளியதாகத் தோன்றும். ஆனால் அதன் தீங்கு பின்னர் வெளிப்படும். வெட்டப்பட்ட மேடு தன் அடித்தாங்கலை இழக்கின்றது. நிரப்பப்பட்ட மண்ணோ பழைய நிலத்தோடு ஒட்டாது, மழைநீரைக் குடித்துக் கனத்து, ஒருநாள் அப்படியே வழுக்கி இறங்குகின்றது. மலைநாட்டு மண்சரிவுகள் பலவற்றிற்கு இவ்வகை வெட்டும் நிரப்பும் காரணமாதலை யாவரும் அறிவர். பரணோ நிலத்தைத் தொடும் இடங்கள் நாலைந்தே. மழைநீர் அதன்கீழ் பழைய வழியிலேயே ஓடும். மரங்களின் வேர்களும் அறுபடா. இஃது அவ்வழியின் சிறப்பு.

பரண் என்பது தமிழர்க்குப் புதியதன்று. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனம் காப்போர் ஏறியிருந்த உயர்ந்த இருக்கையைச் சங்க நூல்கள் இதணம் என்றும், கழுது என்றும் கூறும். ஆயின் அப்பரண் ஒருத்தியும் அவள் தோழியும் அமர்ந்து கிளியோட்டுதற்குப் போதுமானது. மூங்கிலும் தழையுமே அதன் உறுப்புக்கள். நாம் ஈண்டு ஆராய்வதோ கல்பாவிய பரண். இரண்டிற்கும் பெயர் ஒன்றாயினும் பாரம் ஒன்றன்று.

முன்னோர் கண்ட வழி

மரத்தின்மேற் கல்லும் சுண்ணமும் பரப்பும் தொழில் நம் நாட்டிற் செவ்வனே வளர்ந்த ஒன்றாகும். 'மெட்ராஸ் டெரஸ்' என்று வழங்கும் மச்சே அதற்குத் தலைசிறந்த சான்று. இருப்புக் கம்பியிட்ட கான்கிரீட்டு பரவுதற்கு முன், சென்னையிலும் தமிழ்நாட்டின் பிறநகரங்களிலும் எழுந்த மாளிகைகளும் அலுவலகங்களும் வீடுகளும் மிகுதியாக இம்முறையிலேயே மச்சு வேயப்பெற்றன.

அதன் அமைப்பு வருமாறு: இருபுறச் சுவர்களின்மேல் தேக்குக் கட்டைகளை ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாக வைப்பர். அவற்றின் குறுக்கே மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைக்கு மூலை சாயும்படி, சுண்ணச் சாந்தால் ஒட்டி அடுக்குவர். ஒரு வரிசை இறுகியபின் அதனைப் பற்றுக்கோடாகக்கொண்டு அடுத்த வரிசை செல்லுமாதலின், கீழே பலகை அடைத்துத் தாங்கவேண்டுவதில்லை. அதன்மேற் செங்கற் சல்லியும் சுண்ணமும் கலந்த கலவையை மூன்று நான்கு அங்குலக் கனத்திற்குப் பரப்புவர். பெண்கள் வரிசையாக அமர்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கொட்டாப்புளியால் அதனைப் பல நாள் அடித்து இறுக்குவர். இறுதியில் தட்டோடுகளை இரண்டு மூன்று அடுக்காகப் பதித்து, நீர் வடியுமாறு சிறிது சாய்வு விட்டு முடிப்பர்.

இவ்வடுக்குக்களின் மொத்தக் கனம் 20 சென்டிமீட்டர் என்றும், ஒரு கனமீட்டரின் எடை 1800 கிலோகிராம் என்றும் கொள்வோமாயின், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 360 கிலோகிராம் பாரம் கட்டைகளின்மேல் இருக்கின்றது என்பது பெறப்படும். இவ்வளவு பாரத்தையும் தேக்குக் கட்டைகள் நூறாண்டுக்கும் மேலாகத் தாங்கி நிற்றலை இன்றும் பழைய கட்டடங்களிற் காண்கின்றோம்.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை மற்றொரு சான்று. மரத்தால் இயன்ற அவ்வரண்மனையின் மேல்தளத்திலுள்ள மந்திரசாலையிலும், சுண்ணம், சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு முதலியன சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய கருந்தரையைக் காணலாம். அது முகம் தெரியுமளவு மின்னுவது.

இவற்றால் நாம் அறியத்தக்கன மூன்று. முதலாவது, கட்டைகளை நெருக்கமாக வைத்தனர். இரண்டாவது, மரத்திற்கும் மேற்றளத்திற்கும் இடையே சுண்ணத்தை வைத்தனர். சுண்ணம் சிமிட்டியைப்போல விறைத்து நில்லாது, மரத்தின் சிறு அசைவுகளுக்குச் சற்றே இணங்கும். மூன்றாவது, நீர் ஒருபோதும் மரத்தை அடையாதவாறு மேலே அடைத்தும், கீழே காற்றுப் படுமாறு கட்டைகளைத் திறந்தும் வைத்தனர். எந்நாள் இம்மூன்றனுள் ஒன்று தவறுகின்றதோ அந்நாளே மச்சின் வாழ்நாள் எண்ணப்படுகின்றது. மழைநீர் கசிந்து, சுவருக்குள் மறைந்த கட்டையின் நுனி மட்கியதனால் வீழ்ந்த மச்சுக்கள் பல. 2012ஆம் ஆண்டு ஜனவரியிற் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் தீப்பற்றியபோது, மேற்றளம் இடிந்து விழத் தீயணைக்கச் சென்ற வீரர் ஒருவர் உயிர்துறந்தார். தலைக்குமேல் நிற்கும் பாரம் எத்தகையது என்பதை அத்துயரம் நமக்கு அறிவுறுத்தும்.

பாரம் அறிதல்

இனி, நாம் கட்டக் கருதும் பரணை நோக்குவாம். வீட்டுச் சுவரை ஒட்டி 4 மீட்டர் நீளமும், சுவரிலிருந்து பள்ளத்தை நோக்கி 2.5 மீட்டர் அகலமும் உடைய பரண் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். அதன் பரப்பு 10 சதுர மீட்டர். அதன்மேற் 4 சென்டிமீட்டர் கனமுள்ள கற்பலகைகளைப் பாவ எண்ணுகின்றோம்.

மலைக்கருங்கல்லின் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2700 கிலோகிராம் நிறையுடையது. ஆகவே 4 சென்டிமீட்டர் கனமுள்ள கல், சதுர மீட்டருக்கு 108 கிலோகிராம். பத்துச் சதுர மீட்டருக்கு 1080 கிலோகிராம். மரச்சட்டங்கள், உத்தரம், பலகை, நீர்தடுக்கும் படலம் முதலியவற்றிற்குச் சதுர மீட்டருக்கு 80 கிலோகிராம் சேர்ப்பின், அசையாப் பாரம் ஏறத்தாழ 190 கிலோகிராம் ஆகும். இதன்மேல் மக்கள் வந்து நிற்பர். வீடுகளின் முன்மாடங்களுக்குச் சதுர மீட்டருக்கு 300 கிலோகிராம் அளவாகக் கொள்ளுதல் இந்தியத் தரநிருணயம் வகுத்த முறை. இஃது ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேர் நெருங்கி நிற்பதற்கு ஒப்பாகும். மணவிழாவிலோ, பொங்கல் நாளிலோ, புகைப்படம் எடுக்கும்போதோ மக்கள் இவ்வாறே நெருங்கி நிற்பராதலின், 'நம் வீட்டில் அத்தனைபேர் ஏது?' என்று இவ்வளவைக் குறைத்தல் தகாது.

ஆக, சதுர மீட்டருக்கு 490 கிலோகிராம். பரண் முழுமைக்கும் 4900 கிலோகிராம். இதிற் பாதி வீட்டுச் சுவரிலும், மற்றைப் பாதி வெளிப்புறத்துக் கால்களிலும் இறங்கும். வெளிப்புறத்தில் மூன்று கால்கள் நிறுத்தினால், அவை 2450 கிலோகிராமை மும்மூன்றாகச் சமமாய்ப் பங்கிட்டுக்கொள்ளும் என்று கருதுதல் பிழை. நடுக்கால் தன் இருபுறத்துப் பாரத்தையும் ஏற்பதால் ஏறத்தாழ 1225 கிலோகிராமும், ஓரக் கால்கள் ஒவ்வொன்றும் அதிற் பாதியும் சுமக்கும். எனவே மூன்று கால்களுக்கும் ஒரே அளவான அடித்தளம் இட்டு, நடுக்கால் மாத்திரம் புதைந்து தளம் தாழ்ந்ததாயின், அதற்கு மண்ணைக் குறைகூறுதல் பொருந்தாது.

சிலர் கற்பலகையைச் சமமாகப் பதிப்பதற்காக 5 சென்டிமீட்டர் மணல் பரப்புவர். நனைந்த மணல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 95 கிலோகிராம் எடையைக் கூட்டும். கல்லின் எடையோடு மற்றொரு கல்லெடை சேர்ந்தது போலாம். அன்றியும் மணல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிலத்தின்மீது கல் பாவுவோர்க்கு மணல் நண்பன். மரத்தின்மீது பாவுவோர்க்கு அதுவே பகைவன்.

வலிமையும் விறைப்பும்

ஒரு சட்டம் முறியாதிருத்தல் ஒன்று, வளையாதிருத்தல் மற்றொன்று. முன்னது வலிமை, பின்னது விறைப்பு. வெறும் பலகைத் தளத்திற்கு வலிமையே பெரும்பாலும் போதும்; அது காலடியிற் சற்றே அசைந்தாலும் தீங்கில்லை. கற்றளத்திற்கோ விறைப்பே உயிர். கீழுள்ள சட்டம் முறிதற்கு நெடுநாள் முன்னரே மேலுள்ள கல் வெடித்துவிடும். அதனால் இயற்கைக் கல்லைத் தாங்கும் தளம், தன் இடைநீளத்தில் 720இல் ஒரு பங்குக்குமேல் வளைதல் கூடாது என்பது தொழிலறிந்தோர் கொண்ட வரம்பு. நம் 2.5 மீட்டர் பரணுக்கு அவ்வரம்பு ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர், அஃதாவது ஒரு நெல்மணியின் நீளத்திற்கும் குறைவு.

இனி, 5 சென்டிமீட்டர் தடிப்பும் 15 சென்டிமீட்டர் உயரமும் உடைய தேக்குச் சட்டங்களை 30 சென்டிமீட்டர்க்கு ஒன்றாகக் குத்துவாட்டில் வைத்தோம் என்க. முறிதலைப் பற்றிய அச்சமே இல்லை; தேக்கு தாங்கக்கூடிய அளவில் ஏறத்தாழப் பாதியே அதன்மேற் சுமத்தப்படுகின்றது. ஆயினும் முழுப்பாரத்தில் அது 5.4 மில்லிமீட்டர் வளையும். வரம்போ 3.5. ஆதலின், முறியாத அச்சட்டமே கற்றளத்தை வெடிக்கச் செய்யும். சட்டத்தின் உயரத்தை 17.5 சென்டிமீட்டர் ஆக்கினால் வளைவு 3.4 மில்லிமீட்டராகக் குறையும். 20 சென்டிமீட்டர் ஆக்கினால் 2.3 மில்லிமீட்டர் ஆகும்.

இங்கே ஓர் உண்மை கருதத்தக்கது. 15இலிருந்து 20க்கு உயர்த்தியதனால் மரத்தின் அளவு மூன்றில் ஒருபங்கே மிகுந்தது. விறைப்போ ஏறத்தாழ 2.4 மடங்காயிற்று. சட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தின் முப்படியைப் பொறுத்தது என்னும் விதியே இதற்குக் காரணம். ஆதலினாற்றான் நம் தச்சர் சட்டத்தை ஒருபோதும் படுக்கைவாட்டில் வைப்பதில்லை. அவ்வாறே இடைநீளத்தைக் குறைப்பதும் பெரும்பயன் தரும். நடுவில் ஓர் உத்தரம் கொடுத்து நீளத்தைப் பாதியாக்கினால், வளைவு பதினாறில் ஒருபங்காகும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்க. மரம் நெடுநாட் சுமையில் மெல்ல மெல்லத் தாழும் இயல்பினது. ஈரம் உலராத பச்சை மரமாயின், முதல்நாள் வளைவு காலப்போக்கில் இருமடங்காகவும் கூடும். மக்கள் வந்து போவர். கல்லோ இரவும் பகலும் அங்கேயே கிடக்கும். ஆகையாற் கற்பாவும் பரணுக்கு நன்கு உலர்ந்து பண்பட்ட மரமே கொள்ளுதல் வேண்டும். அளவிலும் வரம்பை ஒட்டிய 17.5ஐ விட்டு, 20ஐ மேற்கொள்ளுதலே அறிவுடைமை.

மரம் தெரிதல்

தொல்காப்பியர் மரபியலில் நிலைத்திணை உயிர்களை வகுக்குமிடத்து, உள்ளே வயிரமுடையவற்றை மரம் என்றும், வெளியே வயிரமுடையவற்றைப் புல் என்றும் பிரித்துக் கூறுகின்றார். இப்பாகுபாட்டை இலக்கணமாகப் படித்து மறப்பதைவிடத் தச்சுப் பட்டறையிற் சென்று காண்பது நலம். பனை வெளியே வயிரமுடையதாதலால், அதன் புறப்பகுதியைப் பிளந்தே கைம்மரம் செய்வர். உள்ளிருக்கும் சோறு பயன்படாது. தேக்கோ உள்ளே வயிரமுடையது. அதன் நடுவே கறையானுக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாகாதது. பட்டையை அடுத்துள்ள வெளுத்த பகுதி தேக்கினுடையதேயாயினும் விரைவில் மட்கும். 'தேக்கு வாங்கினேன்' என்று மகிழ்வோர், அதில் வெள்ளை எவ்வளவு என்பதையும் நோக்குதல் வேண்டும்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் ஓங்கி நிற்கும் சில்வர் ஓக் கைக்கெட்டும் தூரத்தில் மலிவாகக் கிடைக்குமெனினும், மழையில் நனையும் பரணுக்கு அது பொருந்தாது. வீட்டுக்குள் பயன்படும் பலகைக்கும் பெட்டிக்கும் அது தக்கது. நெடுநாள் நிற்கவேண்டிய சட்டத்திற்கு வயிரம்பாய்ந்த தேக்கும் வேங்கையும் போன்றவையே வேண்டும். ஆணியும் திருகும் துத்தநாகம் பூசியனவாகவோ, துருவேறா எஃகாகவோ இருத்தல் முறை.

காலும் கடைக்காலும்

சரிவில் நிற்கும் பரணின் கால்கள் ஒரே உயரமுடையன அல்ல. மேட்டுப்புறத்துக் கால் குட்டையாகவும் பள்ளத்துப்புறத்துக் கால் நெடிதாகவும் இருக்கும். நெடிய காலுக்குப் பாரத்தைச் சுமத்தலினும் பக்கவாட்டில் அசையாதிருத்தலே கடினம். ஆகவே கால்களுக்கிடையே சாய்வுக் கட்டைகளைக் குறுக்காகப் பூட்டி, முக்கோணங்களாகப் பிணித்தல் வேண்டும். முக்கோணம் உருத்திரியாது, நாற்கோணம் சாயும்.

கடைக்கால் தோண்டுமிடத்து, மேலேயுள்ள தளர்ந்த மண்ணையும் இலைமட்கையும் கடந்து, உறுதியான நிலத்தையோ பாறையையோ அடையுமளவும் செல்லுதல் வேண்டும். பிறர் நிரப்பிய மண்ணின்மேற் காலை நிறுத்துதல் ஆகாது. மரக்காலை மண்ணிற் புதைத்தலும் கூடாது. மண்ணும் மரமும் சேருமிடமே ஈரமும் கறையானும் சேருமிடம். நம் முன்னோர் திண்ணைத் தூண்களின் அடியிற் கல்லால் ஆன பீடம் வைத்தது அழகுக்காக மட்டுமன்று. அம்முறையே நிலத்திற்கு மேல் ஒரு சாணாவது உயர்ந்த கற்பீடத்தின்மேற் காலை நிறுத்தி, இரும்புக் காலணியால் இறுகப் பிணிக்க. மேட்டிலிருந்து வரும் மழைநீர் கடைக்காலைத் தாக்காதவாறு சிறு வாய்க்கால் வெட்டி விலக்குக.

பரணின் உட்புறம் வீட்டுச் சுவரோடு சேரும் இடம் மிகவும் கவனிக்கத்தக்கது. அங்கே வைக்கும் தாங்குசட்டத்தை வெறும் ஆணிகளால் அறைந்து விடுதல் பெருந்தவறு. ஆணி பிடுங்கிக்கொள்ளும், தளம் முழுவதும் ஒருங்கே சரியும். உலகில் வீழ்ந்த மரத்தளங்களிற் பல இவ்விடத்திற் பிரிந்து வீழ்ந்தனவே. சுவரை ஊடுருவிய போல்ட்டுக்களாற் பிணித்தல் வேண்டும். அதனினும் நல்லது, சுவரை நம்பாது உட்புறத்திலும் தனிக் கால்களை நிறுத்தி, பரணைத் தன்னிலையாக நிற்கச் செய்தல். சுவர் மண்ணாலோ பழைய செங்கல்லாலோ ஆயதாயின் இதுவே வழி.

நீர் என்னும் பகை

மரத்தை அழிப்பது பாரமன்று, நீர். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20க்குக் கீழ் இருக்குமளவும் மட்கச் செய்யும் பூஞ்சை அதில் வாழ இயலாது. மழையில் நனைந்த மரம் வெயிலும் காற்றும் பட்டு உலருமாயின் தீங்கில்லை. நனைந்து, உலர வழியின்றி, மூடப்பட்டுக் கிடப்பதே கேடு. கற்றளமோ மரத்தை மூடும் பொருள். ஆதலின் அதன் கீழே நடப்பது கண்ணுக்குப் புலனாகாது.

இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உளது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், பெர்க்கிலி என்னும் கல்லூரி நகரத்தில், 2015ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் நள்ளிரவிற்குப் பின், அடுக்குமாடி வீடொன்றன் மேல்மாடத்திற் பிறந்தநாள் கொண்டாடிய இளைஞர் பதின்மூவர் நின்றிருந்தனர். அம்மாடம் சுவரிலிருந்து நீண்ட மரச்சட்டங்களின்மேல் மெல்லிய கான்கிரீட்டு பரப்பியது. சட்டங்கள் முறிய மாடம் கவிழ்ந்தது. அறுவர் மாண்டனர், எழுவர் படுகாயமுற்றனர். மாண்டவரிற் பெரும்பாலோர் வேனில் விடுமுறையில் வேலைசெய்து பொருளீட்டச் சென்றிருந்த அயர்லாந்து மாணவர். அக்கட்டடம் 2007ஆம் ஆண்டில் முடிந்தது, எட்டாண்டே ஆனது. மேலே தளம் முழுமையாகத் தோன்ற, உள்ளே ஈரம் அடைபட்டுச் சட்டங்கள் மட்கிப்போயிருந்தன. இதன்பின், 2018இல், அம்மாநிலம் அடுக்குமாடி வீடுகளின் இத்தகைய மாடங்களை ஆறாண்டுக்கொருமுறை சோதித்தல் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நம்மை ஒத்த வயதினர் அறுவர் உயிர் கொடுத்து உலகிற்குப் புகட்டிய பாடம் இது. நூறாண்டு நின்ற மச்சிற்கும் எட்டாண்டில் வீழ்ந்த மாடத்திற்கும் உள்ள வேறுபாடு மரத்தின் வலிமையில் மட்டுமன்று. ஈரம் வெளியேற வழி இருந்ததா என்பதிலும் உளது.

கல் பாவுதல்

சேர்வராயன் மலையின் பாறை புவியியல் வரலாற்றிற் புகழ்பெற்றது. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பாரின் கல்லறையில் வைத்த கல்லை ஆராய்ந்த ஹாலண்டு என்னும் புவியியலார், அவர் பெயரால் அப்பாறையினத்திற்கு 1893இற் 'சார்னக்கைட்டு' என்று பெயரிட்டார். சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் தோன்றும் அவ்வினமே சேர்வராயன் மலையிலும் ஓங்கி நிற்கின்றது. இறுகியது; நீரை எளிதில் உறிஞ்சாதது. இங்ஙனம் உறுதியுடையதாயினும், மெல்லிய பலகையாக அறுத்து இரண்டு முனைகளில் மாத்திரம் தாங்கினால் நடுவில் முறியும் இயல்பு இதற்கும் உண்டு. ஆதலாற்றான் சட்டங்களின் இடைவெளி 30 சென்டிமீட்டருக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்றோம்.

பாவும் முறை இரண்டு. ஒன்று, சட்டங்களின்மேற் பலகை பரப்பி, அதன்மேல் நீர்தடுப்புப் படலம் விரித்து, சிறு தாங்கிகளை வைத்து, அவற்றின்மேற் கற்களை ஒட்டாமல் இருத்துதல். மற்றொன்று, பலகையின்றிக் கற்களைச் சட்டங்களின்மேலேயே, ரப்பர்த் துண்டுகளை இடைவைத்து, நேரே இருத்துதல். பின்னதில் நீர் இடுக்குவழியே கீழிறங்கிவிடும். காற்று எப்புறத்தும் புகும். பழுது கண்டாற் கல்லொன்றைத் தூக்கிப் பார்க்கலாம். பரணின்கீழ் அறையோ கொட்டிலோ இல்லாத இடத்துப் பின்னதே சிறந்தது. அங்ஙனம் செய்யுமிடத்துச் சட்டத்தின் மேல்முகத்தை மாத்திரம் தாரொட்டுப் பட்டையாலோ துத்தநாகத் தகட்டாலோ மூடுக; பக்கங்களை மூடற்க.

எம்முறையாயினும், சிமிட்டிச் சாந்தால் கல்லை மரத்தோடு நேரே ஒட்டுதல் ஆகாது. மரம் பருத்துச் சுருங்கும்போது கல் அதனோடு செல்லாது; சாந்து வெடிக்கும்; வெடிப்பில் நீர் இறங்கும்; இறங்கிய நீர் ஏறாது. கல்லுக்குக் கல் 5 மில்லிமீட்டர் இடுக்கு விடுக. முதல் முறையில், கல்லின்கீழ் இடும் பலகைத் தளத்தைச் சுவரிலிருந்து வெளிப்புறம் நோக்கி 50க்கு 1 என்னும் சாய்வில் அமைக்க, 2.5 மீட்டர் அகலத்திற்கு 5 சென்டிமீட்டர் தாழ்வு. கல்லின் மேல்முகத்தை மெருகிடற்க. மூடுபனியிற் பாசிபிடித்த மெருகுக்கல் பனிக்கட்டிபோல் வழுக்கும். உளியாற் கொத்திச் சொரசொரப்பாக விட்ட முகமே மலையூருக்கு ஏற்றது.

கல்லின் அளவும் சிறிதாக இருத்தல் நலம். 60 சென்டிமீட்டர் சதுரமும் 4 சென்டிமீட்டர் கனமும் உள்ள கல் ஏறத்தாழ 39 கிலோகிராம். 60க்கு 30 அளவான கல் அதிற் பாதி. சரிவான பாதையில் அதனைத் தலைச்சுமையாகக் கொணர்வோரை நினைந்து அளவு கூறுதல், வீடு கட்டுவோர்க்குரிய கடமைகளுள் ஒன்று.

கைப்பிடியும் சோதனையும்

உபாகம நூலின் 22ஆம் அதிகாரத்திற் புதுவீடு கட்டுவோன் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் அமைக்கவேண்டும் என்னும் கட்டளை காணப்படுகின்றது. மேலேறுவோன் விழுந்தால் அவ்வுயிர்ப்பழி வீட்டுக்காரனைச் சாரும் என்பதே அதன் உட்கோள். கட்டடத்தின் பிழையை விதியின்மேற் சுமத்தாது, கட்டியவன்மேற் சுமத்தும் அவ்வறம் எக்காலத்திற்கும் பொருந்தும். நம் பரணுக்கும் ஒரு மீட்டருக்குக் குறையாத கைப்பிடி வேண்டும். குழந்தை நுழையும் அளவு இடைவெளி அதில் இருத்தல் கூடாது. பலர் ஒருங்கே சாய்ந்தாலும் பெயராதவாறு அதன் கால்கள் சட்டங்களோடு போல்ட்டாற் பிணிக்கப்படல் வேண்டும்.

கட்டி முடித்தபின் ஆண்டுதோறும் மழைக்காலம் கழிந்ததும் பரணின் கீழே சென்று பார்க்க. சட்டங்களின் நுனியிலும், சுவரோடு சேருமிடத்தும், கால்களின் அடியிலும் கூரிய ஊசியாற் குத்திப் பார்க்க. எளிதில் இறங்கினால் உள்ளே மட்கல் தொடங்கிற்று என்று அறிக. கறையான் மண் ஏறியிருந்தால் உடனே அகற்றுக. இச்சோதனைக்கு அரை நாழிகை போதும்.

முடிவு

இவ்வளவும் கேட்டபின், 'இத்துணைத் தொல்லை ஏன்? பலகைத் தளமே போதாதா?' என்று ஒருவர் வினவலாம். வினா நேரியதே. கீழ்நிலம் சமமாயின் கல்லை நிலத்திலேயே பாவுக. நிலம் சரிவாயின் பெரும்பாலும் மரப்பலகையே தக்கது. பொறியறிஞர் ஒருவரைக் கொண்டு கணக்குப் பார்க்கவும், நல்ல மரம் வாங்கவும், ஆண்டுதோறும் சோதிக்கவும் இயலாதோர் மரத்தின்மேற் கல்லை ஏற்றாதொழிதலே நன்று. இம்மூன்றும் இயலுவோர்க்கு அது தடையன்று. அவர்க்கு வெயிலிற் குளிர்ந்தும், தீக்கு அஞ்சாதும், காப்பிக் கொட்டை பரப்புதற்கு உகந்தும் கற்றளம் பயன்படும்.

மலையில் வாழ்வோர்க்கு நிலம் எப்போதும் சமமாக வாய்ப்பதில்லை. அதனை வெட்டித் தம் விருப்பத்திற்கு வளைப்பதினும், அதன் சரிவை அறிந்து அதன்மேற் கால்நாட்டி நிற்பதே நெடுநாள் நிலைக்கும் வாழ்வு. அங்ஙனம் நிற்கும்போது காலின்கீழ் உள்ள ஒவ்வொரு சட்டமும் எவ்வளவு சுமக்கின்றது என்பதை ஒருமுறையாவது கணக்கிட்டு அறிதல், மேலே நின்று மலையழகு காண்பார் யாவர்க்கும் கட்டுவோர் செய்யும் முதற்கடனாகும்.